சொந்த வீட்டிலேயே குடித்தனம்

திருவண்ணாமலையில் வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் எத்தனையோ பேர். ஆனால் சொந்த வீட்டிலேயே குடித்தனம் போய், அந்த வீட்டுக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டிய மனிதர் இந்த ஊரிலேயே ஒருவர்தான். செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் எங்கள் தெருவில் மாடி வைத்த பெரிய வீடு அவருடையது. ஆனாலும் தெருவே அவரைக் குடித்தனக்காரர் என்றுதான் சொல்லும்.

அவர் வீட்டில் ஒரு போர்ஷன் காலியானால் டு-லெட் போர்டு உடனே தொங்காது. பாய், தலையணை, ஸ்டவ், ஒரு பாத்திரம் சகிதம் தானே அங்கே குடியேறிவிடுவார். அப்புறம் கீழே இறங்கி வந்து தன் வீட்டுக் காலிங்பெல்லையே அடிப்பார். கதவைத் திறப்பது அவர் மனைவி.

"ஓனரம்மா, பாத்ரூம் தண்ணி ஹாலுக்கு வருது. ஓனர் இன்னா பண்றாரு?"

"ஓனரா? அவருக்குப் புத்தி கெட்டுப்போய் மாடியில பாய் போட்டுப் படுத்துனு கீறாரு. சாம்பார் வேணுமா, வேணாமா?"

சாம்பாரை வாங்கிக்கொண்டு, ஓனரம்மாவுக்கு நற்சான்றிதழும் கொடுத்துவிட்டு மேலே போவார். மறுநாள் கொத்தனார் வந்து பாத்ரூம் தரையைக் கொத்திச் சரிவை மாற்றுவார்.

"குடியிருந்து பாக்காம வாடகைக்கு வுடறது, உப்பு பாக்காம பந்தியில பரிமாறற மாதிரி சார்" என்பார் என்னிடம்.

எனக்கு அப்போது சிரிக்கிற நிலைமை இல்லை. பென்ஷன் கிடையாது. வேலையை விட்டபோது கிடைத்ததையெல்லாம் போட்டு ஒரு மாடி எழுப்பியிருந்தேன். அந்த வாடகையில்தான் கீழே எங்கள் உலை கொதிக்க வேண்டும். ஆனால் வந்தவர்கள் யாரும் தங்கவில்லை. பொங்கலுக்கு வந்த குடும்பம் ஆடிக்கு முன் கிளம்பிவிட்டது. அப்புறம் தியானத்துக்கென்று வந்த வெளிநாட்டுக்காரர், ரொம்ப அமைதியான வீடு என்று கைகூப்பிச் சொல்லிவிட்டு அந்த வாரமே காலி செய்தார்.

"தை வரைக்கும் பாப்போம். இல்லன்னா வித்துட்டு, சென்னையில பையன்கிட்ட போயிடலாம்" என்றாள் மனைவி. காலையில் வாசலில் நின்று மலையைப் பார்க்காவிட்டால் எனக்குக் காபியே இறங்காது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், கூப்பிடாமலே வந்து நின்றார் குடித்தனக்காரர். கக்கத்தில் பாய்.

"மேல நான் இருக்கறேன் சார். மழையிலதான் வூடு நெசம் பேசும்."

அன்றிலிருந்து எனக்கு மத்தியானத் தூக்கம் போயிற்று. சாப்பிட்டுக் கண்ணயர்ந்தால் போன் அடிக்கும். "சார், கொரங்கு டேங்க் மூடியத் தொறந்து உள்ள குளிக்குது. அதுக்குத் தனியா வாடகை பேசிக்கிறீங்களா?" போனை எடுக்காவிட்டால் வாட்ஸப்பில் வீடியோ வரும். பீரோ வைக்கிற இடத்தில் ஸ்விட்ச். துணி காயப்போட இடமில்லை. சுவரில் கன்னத்தை ஒட்டி வைத்து ஈரம் பார்க்கிற செல்பி வேறு.

பெயின்ட் அடித்தால் ஈரம் தெரியாது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். வந்ததே கோபம்.

"பவுடர் போட்டா ஜுரம் போயிடுமா? மொதல்ல மேல தளத்து விரிசல அடைங்க. செவுரு காயட்டும், அப்புறம் பெயின்ட். வருஷத்துல ஒரு மாச வாடகைய வூட்டுக்கே எடுத்து வைங்க சார். அதுக்கும் பசிக்கும்ல?"

சொந்த வீட்டில் மாடிப்படிப் பக்கம் போகவே பயந்தேன். என் மனைவியோ கட்சி மாறிவிட்டாள். அவருக்கு ரசம் போனது. குறைகள் ஒவ்வொன்றாகச் சரியாயின. மேற்கு ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு நீட்டுகிற வேலை மட்டும் பாக்கி.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் ஒரு பெண், தன் அம்மாவோடு வீடு பார்க்க வந்தாள். கார்த்திகை முடிகிற நேரம். இவர்கள் போனால் வேறு ஆள் வருவார்கள் என்ற நம்பிக்கை எனக்கில்லை. நான் வாயைத் திறக்குமுன், மடித்துக் கட்டிய லுங்கியோடு மேல்வாசலில் நின்றார் குடித்தனக்காரர்.

"வாம்மா. இங்க குடியிருக்கறது நான்தான். கொரங்குத் தொல்லை தீந்துடுச்சு. பாத்ரூம்ல வழுக்காது, அம்மா தைரியமா போலாம். மேக்கு ஜன்னல் இன்னும் ஆவல. சாரல் அடிச்சா கட்டில் நனையும். ஓனர் நல்லவரு. ஆனா மத்தியானம் போன் பண்ணா எரிஞ்சு வுழுவாரு."

என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். அவரைப் படியிலிருந்து உருட்டிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அந்தப் பெண் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப நீங்க ஏன் சார் காலி பண்றீங்க?"

குடித்தனக்காரர் மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டார். என்னைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "உன்ன மாதிரி நல்லவங்க வர்ற வரைக்கும் இருக்கறேன்னுதாம்மா பேச்சு."

அவள் சிரித்துவிட்டாள். "ஒளிக்காம சொல்றீங்க. ஜன்னலை முடிச்சுக் குடுங்க, வர்றோம்."

மார்கழிக்கு முன்பே மாடியில் பால் காய்ச்சினார்கள். வீட்டை விற்கிற பேச்சை என் மனைவி அப்புறம் எடுக்கவேயில்லை.

பால் காய்ச்சிய அன்று காலை குடித்தனக்காரர் சாவியை என் கையில் வைத்து, "நல்ல வூடு சார்" என்றார். பாயைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார். மாடி காலியாகி வருத்தப்படுகிற வீட்டுக்காரர்கள் உண்டு. மாடிக்கு ஆள் வந்த அன்று வருத்தப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.