நான் குடுக்கேல்லை, நீயாப் போறாய்

சொன்ன சொல் தவறாதவர்கள் என்றொரு இனம் நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ஸ்காபரோவில் செழிப்பாக வளர்கிறது. உங்களுக்கும் ஒருவரைத் தெரிந்திருக்கும். பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் கதிரை அடுக்குவதில் பிடித்த சண்டைக்காக, பனி கொட்டக் கொட்டக் கார் பார்க்கில் நின்று, "இனி உவன்ர கடை வாசல் மிதிக்கமாட்டன், இது சத்தியம்" என்று முழங்கிவிட்டு, அடுத்த சனிக்கிழமையே அந்தக் கடை வாசலில் வானை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, மனைவியை உள்ளே அனுப்பி, கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி, "மீன்ர செவுளைத் திறந்து பார்த்து வாங்கு" என்று கத்துவாரே, அவர்தான். வாசலை மிதித்தாரா? இல்லையே!

இந்த இனத்தில் முற்றியவர் இராஜரட்ணம். டோர்செட் பார்க்கில் தான் குடியிருக்கும் அடுக்குமாடியின் பார்ட்டி ரூமில் வியாழன்தோறும் வேதபாடம் எடுக்கிறார். கீபோர்ட்டை மேடையின் எந்தப் பக்கம் வைப்பது என்ற மாபெரும் தத்துவப் பிரச்சினையில் இவருடைய சபை இரண்டாக உடைந்த அன்று, பிரிந்துபோன, ரூஜ் பகுதியில் குடியிருக்கும் ஆட்களைப் பார்த்துச் சொன்னார்: "என்ர வீட்டுப் பிள்ளையை உவங்களுக்குக் குடுக்கமாட்டன். கர்த்தர் சாட்சி." அப்போது மகள் கஜனி சின்னப் பிள்ளை. இப்போது வேலைக்குப் போகிறாள். கட்டினால் பிரவீனனைத்தான் கட்டுவேன் என்கிறாள். பிரவீனன் யார்? அந்தப் பிரிந்துபோன ரூஜ் சபையில் கீபோர்ட் வாசிக்கிறவன்.

தவித்துப்போன மனிதருக்கு, ஒரு வியாழன் பாடத்தில், வேதாகமத்தின் நியாயாதிபதிகள் புத்தகத்தின் கடைசி அதிகாரம் கைகொடுத்தது. ஒரு கொடிய குற்றத்துக்காக மற்றக் கோத்திரங்கள் சேர்ந்து பென்யமீன் கோத்திரத்தை அடித்து நொறுக்குகின்றன. எங்கள் பெண்களை இவர்களுக்குக் கொடுப்பதில்லை என்று ஆணையும் இடுகின்றன. பிறகு, ஒரு கோத்திரமே அற்றுப்போகிறதே, ஏன் கர்த்தரே இப்படி என்று, வேறு யாரோ அழித்ததுபோலக் குந்தியிருந்து அழுகின்றன. ஆணையை மீறலாமா? கூடாது. ஆகவே, மனைவி இல்லாமல் மிஞ்சிய பென்யமீன் ஆண்களை, திராட்சத் தோட்டத்தில் ஒளிந்திருந்து, சீலோத் திருவிழாவுக்கு ஆடவரும் பெண்களைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்கிறார்கள். தகப்பன்மார் கேட்டால் பதில் தயார்: நீங்கள் கொடுக்கவில்லையே, உங்கள்மேல் குற்றமில்லை.

இராஜரட்ணத்தின் முகம் மலர்ந்துவிட்டது. வீட்டுக்குப் போனதும் மகளைக் கூப்பிட்டுச் சீலோக் கதையைச் சொன்னார்.

"பிள்ளை, நீ அவனைக் கட்டு. நான் குடுக்கேல்லை, நீயாப் போறாய். சரியோ?"

"அப்ப சேர்ச்சில ஆர் என்னைக் கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போறது?"

"அப்பிடிச் செய்தா நான் குடுத்ததாப் போயிடும். விருந்தாளி மாதிரிப் பின்னுக்கு இருப்பன்."

"சீரியஸ்லி, அப்பா? அந்தச் சீலோப் பிள்ளையளிட்ட ஒருத்தரும் கேக்கேல்லையோ?"

"அது வேற பாடம். வாற கிழமை பாப்பம்."

வருகிற கிழமை எதைப் பார்ப்பது? அந்த அதிகாரத்தோடு புத்தகமே முடிந்துவிடுகிறது.

கலியாணத்தன்று கஜனி தனியாகத்தான் உள்ளே வந்தாள். அப்பா உட்கார்ந்திருந்த கடைசி வாங்கருகே நின்று அவரை நோக்கிக் கையை நீட்டினாள். அவர் கை அரைவாசி எழுந்தது. ரூஜ் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். கை இறங்கிக் கோட்டுப் பொத்தானைப் பூட்டியது. அவள் மீதித் தூரத்தையும் தனியாகவே நடந்தாள். விருந்தில் இவர் கடித்த ரோல்ஸும் கையுமாக விக்கி விக்கி அழுதார்: "ஒரே பிள்ளை, தனிய நடந்து வந்தாளே. ஏன் கர்த்தரே இப்பிடி?"

வாசிக்கும்போதே உங்கள் கண்முன் ஒரு முகம் வந்திருக்குமே? மச்சானா, சங்கச் செயலாளரா? அவருக்கு இதை அனுப்பிவைக்க விரலும் துடிக்கும். கொஞ்சம் பொறுங்கள். எங்கேயிருந்து வாசிக்கிறீர்கள்? மோர்னிங்சைட் தெருவில், அந்த மீன்கடை வாசலில், எஞ்சின் ஓடுகிற வானுக்குள்ளிருந்தா? அதோ, இரண்டு கையிலும் பைகளைத் தூக்கிக்கொண்டு, பனியில் வழுக்கி வழுக்கி உங்கள் மனைவி வருகிறார். நீங்கள் சத்தியம் செய்த அன்று அவரை ஒரு வார்த்தை கேட்டீர்களா?