வெங்காய சார்ஜன்

நல்ல சேதி சொல்லப் போன இடத்தில் விளக்குமாற்றால் அடி வாங்கிய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ராயபுரத்து வெங்காய சார்ஜன். சந்தேகம் உள்ளவர்கள் தண்டையார்பேட்டைக்கு வந்து, என் பெயர் எழுதிய லாரி எங்கே நின்றாலும் அதன் டிரைவரைக் கேட்கலாம். நான் சொல்லிச் சொல்லி அவர்களுக்கெல்லாம் மனப்பாடம்.

மூன்றாம் வகுப்போடு சிலேட்டுக்குக் கும்பிடு போட்டவன் நான். உலகச் சண்டை முடிந்த சமயம், கல்மண்டபம் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பெனி கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் ஒரு மூட்டை தூக்கினால் நான் இரண்டு. அது கிடக்கட்டும். கம்பெனிக்கு ரங்கூன், கல்கத்தா பக்கம் போய்வரும் சின்னக் கப்பல்கள் இருந்தன. அதில் வேலை செய்தவர்களின் வீடுகள் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கடலோரமாகச் சிதறிக் கிடந்தன. கப்பல் எப்போது வரும், எங்கே நிற்கிறது என்று வீடு வீடாகப் போய்ச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் சார்ஜன்.

உண்மையில் அவர் சார்ஜனும் இல்லை, போலீசும் இல்லை. பட்டாளத்தில் வண்டி ஓட்டியவர். பட்டாளம் ஏலம் விட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கம்பெனி வாங்கியது. பக்கத்தில் ஆள் உட்காரத் தொட்டி வைத்த வண்டி. வண்டியோடு அவரும் வந்து சேர்ந்தார். காக்கிச் சட்டை, காதை மூடிய தோல் தொப்பி, முகத்தில் பாதியை மறைக்கிற பெரிய கண்ணாடி. தூரத்திலிருந்து பார்த்தால் அசல் வெள்ளைக்காரப் போலீஸ் சார்ஜன்தான். அவர் வண்டி திரும்பினால் கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவர்கள் பானையை விட்டுவிட்டுக் கடலில் குதிப்பார்கள். அவரோ நின்று, பானையை மூடி வைத்துவிட்டு வருவார்.

வெயில் காலத்தில் அவர் ராஜா. ஐப்பசி பிறந்தால் போச்சு. கண்ணாடிக்கு வெளியே மழை, உள்ளே அவர் மூச்சின் ஆவி. கையால் துடைத்தால் இன்னும் மோசம். கழற்றினால் மழை ஊசி ஊசியாகக் கண்ணில் குத்தும். ஒரு முறை ரயில்வே கேட்டைப் பார்க்காமல் அதிலேயே வண்டியைக் கொண்டுபோய் மோதிவிட்டார்.

மனிதர் அதற்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். சோப்பைத் தேய்த்தார், மழை விழுந்ததும் நுரை கிளம்பி, சவரத்துக்கு உட்கார்ந்தவர் பாதியில் எழுந்து வந்த மாதிரி ஊரைச் சுற்றினார். சுறா மீன் எண்ணெய் தேய்த்தார். காசிமேட்டுப் பூனைகள் அத்தனையும் வண்டிக்குப் பின்னால் ஊர்வலம் வந்தன. கடைசியில் பட்டாளத்தில் ஒரு பஞ்சாபிக்காரர் சொன்னது ஞாபகம் வந்து, வெங்காயத்தை இரண்டாக வெட்டி உள்ளேயும் வெளியேயும் தேய்த்தார். கண்ணாடி பளிங்கு மாதிரி நின்றது. ஒரே ஒரு குறை. கண்ணாடிக்கு உள்ளே இருந்த கண்ணைப் பற்றிப் பஞ்சாபிக்காரர் ஒன்றும் சொல்லவில்லை.

முதல் பலி திருவொற்றியூர் கன்னியம்மா. அவள் புருஷன் கப்பலில் கரி அள்ளுகிறவன். கப்பல் மறுநாளே வருகிறது, மீனைக் கீனை வாங்கி வை என்று சொல்லத்தான் சார்ஜன் போனார். வாசலில் வண்டியை நிறுத்திக் கண்ணாடியைத் தூக்கினார். கண் ரெண்டும் கோவைப்பழம். தாரை தாரையாகத் தண்ணீர். மூக்கு அடைத்துக்கொண்டு பேச்சு வரவில்லை. "உன் வூட்டுக்காரன்..." என்று சொல்லி ஒரு முறை மூக்கை உறிஞ்சினார். அவ்வளவுதான். அவள் இரண்டு கை வளையலையும் சுவரில் அடித்து நொறுக்கிவிட்டாள். தெரு முழுக்கக் கூடி ஒப்பாரி வைத்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவர் மூக்கைச் சிந்தி, விஷயத்தைச் சொல்லி முடித்தபோது, மாமியார்க்காரி விளக்குமாற்றை எடுத்துவிட்டாள்.

மறுநாள் புருஷன் குத்துக்கல்லாட்டம் வந்து இறங்கினான். வெறுங்கையோடு நின்ற பெண்டாட்டியைப் பார்த்து அவன்தான் மயக்கம் போட்டான்.

பொம்பளைகள் கூட்டமாகக் கம்பெனிக்கு வந்து மானேஜரை உண்டு இல்லை என்று ஆக்கினார்கள். மானேஜர் சார்ஜனைக் கூப்பிட்டு, இன்னொரு வீட்டில் ஒப்பாரி கேட்டால் வண்டியை விற்றுவிட்டு சைக்கிள்தான் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டார். சார்ஜன் அன்றைக்குச் சோறு தின்னவில்லை. நாலு சாக்கைச் சேர்த்து வண்டிக்குப் போர்த்திவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அடுத்த மாதமே புயல். கன்னியம்மா புருஷன் திரும்பவும் போயிருந்த கப்பல் வரவேண்டிய நாளில் வரவில்லை. கடலோரத்தில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. ஒரு காலையில் தந்தி வந்தது: விசாகப்பட்டினத்தில் ஒதுங்கியிருக்கிறது, எல்லோரும் சுகம். உடனே போய்ச் சொல்ல வேண்டும். வெளியே மழை வானத்தைக் கிழித்துக்கொண்டு ஊற்றுகிறது. வெங்காயம் தேய்க்காவிட்டால் சாலை தெரியாது. தேய்த்தால் அழுமூஞ்சி, வண்டி போய்விடும். சார்ஜன் கையில் வெங்காயத்தை வைத்துக்கொண்டு, ஜோசியம் பார்ப்பவர் போல அதையே பார்த்தபடி நின்றார்.

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. கம்பெனியில் பி.ஏ. படித்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள், அவர்களுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது.

"அண்ணாத்தே, நீ அழுதுகினு ஓட்டு. நான் தொட்டில குந்திகினு சிரிச்சிகினே வரேன். பாக்கறவங்களுக்கு நல்ல சேதின்னு தெரிஞ்சிடும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன் மூஞ்சில சிரிப்பு வருமா நைனா?"

வந்தது. முப்பத்திரண்டு பல்லும் தெரிய வந்தது. தண்டையார்பேட்டை தாண்டும்போது எதிரே ஒரு சவ ஊர்வலம். வாயை மூடலாம் என்றால் குளிரில் தாடை இறுகிவிட்டது. மேளக்காரர் ஒருவர் வண்டியை மறித்தார்.

"இன்னாடா இளிப்பு? பக்கத்துல அந்தப் பெரிய மன்சனைப் பாரு. ஊரான் சாவுக்கு எப்டி உருகிகினு போறாரு. உனக்கு அறிவு கீதா?"

சொல்லிவிட்டு என் தலையில் ஒன்று வைத்தார். சார்ஜனுக்கு ஒரு மாலையே போட்டார்கள். அந்த மாலையோடும் கண்ணீரோடும் திருவொற்றியூர் போய்ச் சேர்ந்தோம்.

கன்னியம்மா வாசலுக்கு வந்தாள். மாலை போட்டுக்கொண்டு அழுகிறவரைப் பார்த்தாள். கை வளையலுக்குப் போனது. பிறகு என்னைப் பார்த்தாள். நான் உள்நாக்குத் தெரியச் சிரித்தேன். கை அப்படியே நின்றது.

"இந்தப் பைத்தாரன் ஏன் சிரிக்கிறான்?" என்றாள்.

"உசுரோட கீறாம்மா" என்றார் சார்ஜன். "அல்லாரும் கீறாங்க."

அவள் அப்படியே வாசலில் குந்தினாள். அன்றைக்கு ஒரு வீட்டிலும் ஒப்பாரி இல்லை. எண்ணூர் வரைக்கும் எங்களை மீன் குழம்பிலேயே முக்கி எடுத்தார்கள். வண்டி தப்பித்தது.

அதன் பிறகு அந்த வண்டிச் சத்தத்துக்கே தனி மவுசு. தடதடவென்று கேட்டால் போதும். பொம்பளைகள் அடுப்பை விட்டுவிட்டுச் சிரித்தபடி தெருவுக்கு வந்துவிடுவார்கள். இதற்கெல்லாம் காரணம் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இரண்டு மழைக்காலம் இப்படிப் போனது. ஒரு நாள் கல்கத்தாவிலிருந்து தந்தி. கப்பலில் சமையல் வேலை பார்த்த திருவொற்றியூர்க்காரர் ஒருவர் காய்ச்சலில் போய்விட்டார். நான் தந்தியில் என்ன என்று தெரியாமல், வழக்கம்போலத் தொட்டியில் ஏறிப் பல்லைக் காட்டித் தயாராக உட்கார்ந்தேன். சார்ஜன் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். விஷயத்தைச் சொன்னார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மழையில் இறங்கி நடக்க ஆரம்பித்தார்.

"அண்ணாத்தே, வண்டி?"

"சத்தம் கேட்டா அவரு பொஞ்சாதி சிரிச்சிகினே வெளிய வரும்பா" என்றார், திரும்பாமலே.

நான் மூட்டை தூக்கி முதலாளி ஆனவன். மந்திரி வந்தாலும் பின்னால் நடக்கிற வழக்கம் எனக்கு இல்லை. அன்றைக்கு ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரைக்கும், அந்த மனிதருக்குப் பின்னால் நடந்தேன். இன்றைக்குக் கூப்பிட்டாலும் நடப்பேன்.