நமக்கு அயர்லாந்தில் ஓர் அத்தை இருக்கிறார்

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.

பெருமதிப்பிற்குரிய மூத்த சகோதரி ராஜம்மாள் அவர்களுக்கு,

தம்பி முருகையன் பணிந்து எழுதுவது. அண்ணாமலையார் தயவில் எனக்கும் சந்திரம்மாளுக்கும் முழங்கால் வலி தவிர வேறு குறையில்லை. ஓசூரில் தாங்களும் மாமாவும் பேத்தி பூஜாவும் சுகமென்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், ஏனென்றால் ஆடி மாதத்திலிருந்து தாங்கள் என் போனை எடுப்பதில்லை. கடைசியாக எடுத்தபோதும், "நம்ம வம்சத்துல வெள்ளக்காரனா? பூஜாவுக்கு வரன் பாக்கற நேரத்துல உனக்குப் புத்தி கெட்டுப்போச்சாடா?" என்று கேட்டு வைத்துவிட்டீர்கள். கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது என்பதால் எழுதுகிறேன்.

இதை நான் தேடிப் போகவில்லை அக்கா. நம் வீட்டுச் சர்க்கரை வியாதி யார் வழியில் வருகிறது என்று பார்க்க, மருமகள் மணிமொழி அமெரிக்காவிலிருக்கும் சிநேகிதி மூலம் ஒரு பெட்டி வரவழைத்தாள். அதிலிருக்கும் சின்னக் குழாயில் கோடு வரைக்கும் எச்சில் துப்ப வேண்டும். எனக்கோ வாய் வறண்டுவிட்டது. சந்திரம்மாள் எலுமிச்சை ஊறுகாய் ஜாடியை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். நான் குனிந்து துப்புவதைப் பார்த்த எதிர்வீட்டுக்காரர், வாந்தியெடுக்கிறேன் என்று நினைத்து ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டார். இவ்வளவும் ஆகி முடிவு வந்தால், அது சர்க்கரையைப் பற்றி உருப்படியாக எதுவும் சொல்லவில்லை. என் உடம்பில் எட்டில் ஒரு பங்கு அயர்லாந்து என்றது. நில அளவைத் துறையில் காலமெல்லாம் அடுத்தவர் பூர்வீகத்தை அளந்தவன் நான். என்னுடைய எல்லைக்கல் இவ்வளவு தூரம் தள்ளி நட்டிருக்கிறது என்று யார் கண்டது?

"அது லண்டன் பக்கமா?" என்றாள் சந்திரம்மாள்.

"பக்கந்தான் அத்தை. ஆனா அப்படிச் சொன்னா அவங்களுக்குக் கோவம் வரும்" என்றாள் மணிமொழி.

எட்டில் ஒரு பங்கு என்றால் கொள்ளுத்தாத்தா பாட்டிகளில் ஒருவர் முழு அயர்லாந்துக்காரர். மற்ற ஏழு பேர் யாரென்று நமக்குத் தெரியும். சக்திவேல் தாத்தாவின் அப்பா மட்டும்தான் பேர்கூட இல்லாமல் "ரங்கூனுக்குப் போனவர்". அவரைத்தான் மணிமொழி பிடித்தாள். அந்தப் பெண்ணைப் போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை அக்கா. பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திவிட்டு வந்து, ஒரு பக்கம் குக்கர் விசிலடிக்க, என்னோடு மரபணு பொருந்துகிற எல்லாருக்கும் கம்ப்யூட்டரில் எழுதினாள். பாதிப் பேர் பதில் போடவில்லை. ஒருத்தர் எங்களை ஏமாற்றுக்காரர்கள் என்று திட்டினார். அவருக்கும் நன்றி சொல்லி, அவர் தாத்தா பேரைக் கேட்டு வாங்கிவிட்டாள்!

கடைசியில் அயர்லாந்தின் கார்க் ஊரிலிருந்து நோரா என்ற எண்பது வயது அம்மாள் பதில் போட்டார். அவர் தாத்தாவின் அண்ணன் மைக்கேல், ரயில்வே வேலைக்கு மெட்ராஸ் பக்கம் வந்து திரும்பாதவராம். லண்டன் ஆவணக் காப்பகத்திலிருந்து வந்த அடக்கப் பதிவின் பிரதியிலும் மைக்கேல் இருந்தார். காட்பாடிப் பாதையில் பாலம் கட்டிய ஓவர்சியர், காய்ச்சலில் இறந்து வேலூரில் அடக்கம். வருஷத்தை மட்டும் பூச்சி தின்றிருந்தது. ஆக, தங்கமான மனுஷன் அக்கா, சக்திவேல் தாத்தாவின் அம்மா தனத்தை விட்டு ஓடவில்லை, செத்துத்தான் போனார். நாங்கள் வேலூருக்கே போய்க் கல்லறைக்கு மாலை போட்டு, வடை வைத்து, விழுந்து கும்பிட்டோம். "இன்னா உறவு சார்?" என்றார் காவல்காரர். "கொள்ளுத்தாத்தா" என்றேன். என் கறுப்பை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கேட்காமலே எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

நோரா முறைப்படி நமக்கு அத்தை. வீடியோவில் வந்தார். திருநீறு பூசிக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் நம்ம அப்பா காது அக்கா, அதே முறக்காது! "எங்க வீட்டுல ஒருத்தரைத் தொலைச்சிட்டோம்னு இருந்தோம். இப்ப ஒரு தெருவே கிடைச்சிருக்கு" என்றாராம், மணிமொழி தமிழில் சொன்னாள். அப்புறம் கேட்டார்: "அந்தப் பொண்ணு என்ன ஆனா?"

சொன்னேன். ரயில் பாதைக்கு மண் சுமக்கப் போன தனம் வயிற்றில் பிள்ளையோடு திரும்பினாள், பிறந்த வீடு கதவைச் சாத்தியது, அவள் யாரையும் கை காட்டவில்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் யாரும் சீந்தாத கரம்பு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து மல்லாட்டைக் கடலை போட்டாள். பூனைக்கண்ணோடு பிறந்த பிள்ளையைப் பார்த்துச் சிரித்த ஊரிலேயே இருந்து, அவனைப் படிக்க வைத்து, கணக்கப்பிள்ளை ஆக்கினாள். நீயும் நானும் பள்ளிக்கூடம் போனது அந்தக் கரம்பிலிருந்துதானே அக்கா? சொல்லச் சொல்லத்தான் எனக்கே உறைத்தது. நோரா அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "உங்க படையல்ல அவங்க பேரை எப்படிச் சொல்லிக் கூப்பிடுவீங்க?" என்றார். நாமதான் அந்தப் பேரைச் சொல்றதே இல்லையே.

வரன் விஷயம் பயப்படாதே. பூஜா என்னிடம் போனில் பேசினாள். மாப்பிள்ளை வீட்டில் அவளே சொல்லிவிட்டாளாம். "அப்ப எங்களுக்கும் அந்த டெஸ்ட் எடுக்க முடியுமா?" என்று அவர்கள் கேட்டார்களாம். வர்ற மகாளய அமாவாசைக்குத் தனம் பேர் சொல்லி இலை போடப் போறேன். மூத்தவ நீ வந்து விளக்கேத்தணும். வரலைன்னா நான் போடமாட்டேன்.

மாமாவுக்கு வணக்கங்கள். பூஜாவுக்கு அண்ணாமலையார் நல்ல வழி காட்டட்டும்.

தங்கள் அன்புத் தம்பி,
முருகையன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது மணிமொழி தலையில் கைவைத்தபடி வந்தாள். லண்டனிலிருந்து பூச்சி தின்னாத இன்னொரு பதிவின் பிரதி வந்துவிட்டது. தாத்தா பிறப்பதற்கு மூன்று வருஷம் முன்னாலேயே மைக்கேல் இறந்துவிட்டார். அதற்கப்புறம் இங்கே வந்தவர் அவருடைய இன்னொரு தம்பி டெனிஸாம். ஓவர்சியர் இல்லை, ரயில்வே முகாமில் ரொட்டி சுட்டவர். அண்ணனா தம்பியா என்று எச்சில் பிரித்துச் சொல்லாதாம். டெனிஸ் காய்ச்சலில் சாகவுமில்லை. ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறி, தள்ளாத வயசு வரை பேக்கரி நடத்தியிருக்கிறார். எனவே, கொள்ளுத்தாத்தா என்று மைக்கேல் வருமிடமெல்லாம் டெனிஸ் என்றும், "தங்கமான மனுஷன்" வருமிடத்தை அடித்துவிட்டும் படிக்கவும். வேலூரில் கும்பிட்டது பெரிய கொள்ளுத்தாத்தாவைத்தான், அதனால் வடை வீண் போகவில்லை. தனத்தைப் பற்றி எழுதியதில் மட்டும் ஓர் எழுத்தும் திருத்த வேண்டியதில்லை.