துரைக்கோல் சொன்ன குறி

சுவா என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் புதிதாக ஒரு சாமி முளைத்திருந்தார். ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லை, துணி இல்லை, உப்பு இல்லை. சாமிக்கு மட்டும் பஞ்சமே இல்லை! ஞாயிற்றுக்கிழமை வந்தால் துரைமார் கோல்ஃப் ஆடிய புல்வெளியில் திருவிழாக் கூட்டம். மரவள்ளி நட்டது போக மிஞ்சிய புல்லில், நெற்றி நிறையத் திருநீறும் தோளில் நீளமான பந்துக்கோலுமாக நின்றாரே, அவர்தான் கோல்சாமி. சண்டைக்கு முன்பு அவர் வெறும் முனியாண்டி. துரையின் கோல்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடியவர்.

அந்தக் கோலுக்கு என்ன மகிமை? பந்து தாறுமாறாகப் பறந்தால் துரை "ஃபோர்! ஃபோர்!" என்று கத்துவார். பந்து வருகிறது, மண்டையைக் காப்பாற்றிக்கொள் என்று அதற்கு அர்த்தம். லயத்து வரிசை வீடுகளில் இருந்த கூலி ஜனங்களின் காதில் அது "போர்! போர்!" என்று விழுந்தது. அப்புறம் நிஜமாகவே போர் வந்துவிட்டது. போதாதா?

"சண்டை வரும்னு தொரைக்கு முன்னாடியே சொன்னது இந்தக் கோலுதான்லா!" என்று முனியாண்டி ஒரு போடு போட்டார். ஜனம் அப்படியே காலில் விழுந்தது. அவ்வளவு தெரிந்த துரை ஏன் பெட்டிகூடக் கட்டாமல் ஓடினார் என்று ஒருத்தராவது கேட்கவேண்டுமே! மூச்!

குறி கேட்க வந்தவர்கள் பெண்கள். சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரன் லாரியில் ஏற்றிப்போன புருஷன் உயிரோடு இருக்கிறானா என்பதுதான் எல்லாருக்கும் ஒரே கேள்வி. சாமி பந்தை அடிப்பார். அது வலப்பக்கம் வளைந்தால் இருக்கிறான், முட்டை காணிக்கை. இடப்பக்கம் வளைந்தால் போய்விட்டான். அடுத்த ஞாயிறு தாலியைக் கழற்றிக் கோல்பையில் போட்டால்தான் அவன் ஆவி அலையாது.

தோட்டத்தில் புல்வெட்டும் பஞ்சாலை என்பவளுக்குப் பந்து இடப்பக்கம் வளைந்தது.

வீட்டில் விழுந்து புரண்டு அழுதாள். அடுத்த வீட்டுத் தாயம்மா ஆறுதல் சொல்ல வந்தாள். "எனக்கு வலப்பக்கம் போச்சுடி. ஒனக்கு மட்டும் ஏன் இப்படி ஆச்சு!" என்று மூக்கைச் சிந்தினாள். தாயம்மாவின் கழுத்தில் மஞ்சள் கிழங்குதான் தொங்கியது. தாலியை என்றோ அரிசிக்கு விற்றாகிவிட்டது.

பஞ்சாலைக்கு அழுகை பாதியில் நின்றது. யார் யாருக்கு இடப்பக்கம் போனது? தங்கத் தாலிக்காரிகளுக்கு. யார் யாருக்கு வலப்பக்கம்? மஞ்சள் கிழங்குக்காரிகளுக்கு!

"ஏண்டி தாயம்மா, சயாம்ல சாவு பொண்டாட்டி கழுத்தப் பாத்துட்டா வருது?"

"சாமி குத்தம்டி!" என்று தாயம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு பஞ்சாலை முன்வரிசையில் போய் நின்றாள். எல்லாரும் வானத்தில் பந்தைப் பார்த்தார்கள். அவள் தரையில் புல்லைப் பார்த்தாள். பந்து வலப்பக்கம் வளைந்த அடிக்கெல்லாம் கோல் கீறிய தடம் வெளியிலிருந்து சாமியின் காலை நோக்கி வந்திருந்தது. இடப்பக்கம் வளைந்தால் தடம் காலருகில் தொடங்கி வெளியே போயிருந்தது. பந்தில் படும் கோலின் முகம் எப்போதும் நேரே பார்த்தது. வீசும் பாதைதான் மாறியது. பாதை குறுக்கே போனால் பந்து சுழலும், சுழன்றால் வளையும். இதில் சயாம் எங்கே வந்தது?

"தாலி எங்கம்மா?" என்றார் சாமி.

"தர்றேன் சாமி. அதுக்கு முன்னால ஒரு குறி."

"யாருக்கு?"

"ஒங்களுக்குத்தான்! சாமி உசுரோட இருக்காரான்னு கோலு சொல்லட்டுமே."

கூட்டம் சிரித்தது. சாமியும் சிரித்து, வலப்பக்க அடிக்குத் தயாரானார். பஞ்சாலை காணிக்கைக் கூடையிலிருந்து முட்டைகளை எடுத்து, பந்துக்குப் பின்னால், சாமியின் காலுக்கு அப்பால் வெளிப்பக்கமாக வரிசையாக வைத்தாள்.

"சக்தியுள்ள கோலு காணிக்கைய ஒடைக்குமா?"

"ஒடைக்காது! ஒடைக்காது!" என்று ஜனம் கூவியது.

சாமி முட்டைகளைப் பார்த்தார். வெளியிலிருந்து வீசினால் முட்டை போகும், முட்டையோடு சக்தியும் போகும். காலை மெல்ல நகர்த்தினார்.

"எப்பவும் நிக்கிற மாதிரியே நில்லுங்க சாமி!" என்றாள் பஞ்சாலை.

வேறு வழியில்லாமல் காலருகிலிருந்து வெளியே வீசினார். பந்து அழகாக எழும்பி, இடப்பக்கம் வளைந்து, மரவள்ளிக்குள் விழுந்தது.

"ஐயையோ, சாமி செத்துட்டாரே!" என்று தாயம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். பாவம், அவள் நிஜமாகவே அழுதாள்.

"அடியே, நான் உசுரோடதான் நிக்கிறேன்!"

"நீங்க சொன்னா ஆச்சா? கோலு சொல்லணும்லா!" என்றாள் பஞ்சாலை.

சிரிப்பு வெடித்தது. ஒருத்தி ஒப்பாரியே வைத்துவிட்டாள். ஆத்திரத்தில் சாமி இன்னொரு பந்தை வைத்து, வெளியிலிருந்து ஓங்கி வீசினார். பந்து வலப்பக்கம்தான் போனது. முட்டைகளெல்லாம் தெறித்து, திருநீற்று நெற்றியில் மஞ்சள் கரு வழிந்தது.

"பாத்துக்கங்க! முட்டை இருந்தா சாவுறான், ஒடைஞ்சா பொழைக்கிறான். எம் புருஷன் உசுரு ஒன் கைவீச்சுலயாடா இருக்கு?"

சிரிப்பு நின்றது. பெண்கள் கோல்பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். கொட்டிய தாலிகளில் அவரவருடையதை அடையாளம் கண்டு பொறுக்கினார்கள். முனியாண்டி மரவள்ளிக்குள் ஓடினான். மரியாதையும் அவனோடு போனது.

பஞ்சாலை தாலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். சயாமிலிருந்து சேதி இல்லை. இருக்கிறானா இல்லையா, அவளுக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவளுக்கு நெஞ்சு வலித்தது. ஆனாலும் கேட்டவர்களிடம் அப்படியே சொன்னாள்.

அந்தக் கோலுக்கும் நுனியில் ஒரு தலை உண்டு. அடுத்தவன் வீசுகிற பக்கமெல்லாம் போகும் தலை. ஊராரே, உங்கள் கழுத்துக்கு மேலே இருப்பதும் அதுதானா?