மீசைக்கார ரதியும் கறுப்புப் படமும்

இந்த மலைநாட்டிலேயே மீசையோடு தாலி கட்டிக்கொண்டவர் ஒருவர்தான். அவரும் என்னிடம்தான் வேலை பார்த்தார்.

தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்தில் வருசா வருசம் ரதி வேஷம் கட்டி, காமன் கையால் தாலி வாங்கியதால் ஊருக்கே அவர் ரதி அண்ணன். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் நோர்வூட் பக்கம் வெள்ளைக்காரத் தோட்டத் துரையின் பங்களாவையே வாங்கி டூரிஸ்ட் விடுதியாக்கினேன். எந்தப் பட்டதாரி வாங்கினான், சொல்லுங்கள்? சமையலுக்கு அவரை வைத்தேன்.

சாப்பாட்டு அறையில் துரை விட்டுப்போன கறுப்புப் படம் ஒன்று. இறக்கை முளைத்த பையன் கண்மூடிக் கிடப்பான், பக்கத்தில் வில். சுற்றிலும் இறக்கைக் குழந்தைகள். அதில் ஒன்று தன்னைவிடப் பெரிய கிழவன் முகமூடியை மாட்டிக்கொண்டு, அதன் வாய் வழியாகக் கையை நீட்டும்.

முதல் நாளே ரதி அண்ணன் சூப்புச் சட்டியைக் கீழே போட்டுவிட்டார்.

"முதலாளி, இது காமன்! எரிஞ்சு கிடக்காரு. அந்த முகமூடிதான் சிவன்."

"எரிஞ்சவன் ஒடம்புல ஒரு கொப்புளம்கூட இல்லையேண்ணே?"

"கறுப்பு மையில கொப்புளம் தெரியுமாங்க?"

கூத்தில் சிவன் எரித்த காமன் பிறகு ஒருநாள் எழுந்து வருவான். ஆனால் அவரோடு காமனாக ஆடிய சிநேகிதர், எழுப்பும் நாளுக்கு முன்பே நிஜமாகச் செத்துப்போனார். ரதி அண்ணனின் ஒப்பாரி அதோடு முடியவே இல்லை. மத்தியானம் பனிமூட்டம் அறைக்குள் நுழைந்ததும் படத்தின் முன்னால் பெண்குரலில் ஆரம்பிப்பார். வெள்ளைக்காரர்கள் கரண்டியும் கையுமாக உறைந்துபோவார்கள். ஒரு ஜோடி பெட்டியை மறந்துவிட்டு ஹட்டனுக்கே ஓடியது.

"படத்தைக் கழட்டப் போறேண்ணே."

"என்னையும் சேர்த்துக் கழட்டிருங்க."

அப்போது தங்க வந்த ஒரு வெள்ளைக்கார அம்மா இந்த மாதிரிப் படங்களைப் படித்தவர். அவருடைய டிரைவர் தமிழில் சொன்னார்: செப்புத் தகட்டில் கீறி, மை பூசி அச்சடித்ததாம். காதல் தெய்வம் அசந்து தூங்குகிறானாம். அந்த நேரம் பார்த்து வாண்டுகள் வில்லைத் திருடுதாம், முகமூடி போட்டு ஒன்றையொன்று பயமுறுத்துதாம். எல்லாம் விளையாட்டு.

"தூக்கமா?" ரதி அண்ணன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "நெசமாவாங்க?"

படத்துக்குக் கிட்டப் போனார். கண்ணாடியில், தூங்குகிறவன் வாய்க்கு நேராக, சின்னதாய் ஆவி படிந்திருந்தது. நான் துண்டால் துடைத்தேன். போகவில்லை. அது உள்பக்கம் இருந்தது.

"ஈரம்ணே... மலையில..." என்றேன். இன்னொரு தடவை துடைத்துப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவர் அழவே இல்லை. தட்டுகளைக்கூட ஓசைப்படாமல் வைப்பார். இப்போது அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். சாப்பாட்டு அறையில் யாராவது கரண்டியைத் தட்டினால் நான்தான் எழுந்துபோய்ச் சொல்கிறேன்:

"மெதுவாங்க. நம்ம ரதி அண்ணனோட வீட்டுக்காரரு தூங்குறாரு."