சாவு டாக்டர் சொன்ன பொய்

எங்கள் சாவு டாக்டரைப் போல வாரம் தவறாமல் செத்தவர் இந்தப் பூலோகத்திலேயே கிடையாது. திருவண்ணாமலை ஜட்காக்காரர்கள்கூட அந்தப் பெயரைச் சொன்னால்தான் ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்புவார்கள்.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் நாலு பேர் அங்கே பயிற்சி டாக்டர்களாக வந்து சேர்ந்தோம். அவர்தான் பெரிய டாக்டர். வெள்ளிக்கிழமைதோறும் வார்டில் காலிக் கட்டில் ஒன்றில் படுத்து, சாகப்போகிற நோயாளியாக நடிப்பார். நாங்கள் ஒவ்வொருவராகப் பக்கத்தில் உட்கார்ந்து, பிழைக்க வழியில்லை என்பதைப் பக்குவமாகச் சொல்ல வேண்டும். அதுதான் பாடம்.

"டாக்டர், நான் பொழைப்பனா?" என்று முனகுவார்.

"எல்லாம் சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் போச்சு. பிணம் எழுந்து உட்கார்ந்துவிடும். "பொய் சொல்றியே, வெக்கமா இல்ல?" வார்டே திரும்பிப் பார்க்கும். எங்கள் மானம் கப்பலேறும்.

ஒருமுறை முனகல் ஜாஸ்தியாகிவிட்டது. எதிர்க் கட்டிலில் புருஷனுக்குத் துணையிருந்த கீழ்பென்னாத்தூர் அம்மா, கையிலிருந்த டம்ளரோடு ஓடிவந்து அவர் வாயில் பால் ஊற்றிவிட்டார். டாக்டருக்குப் புரையேறியது.

"செத்துக் காட்றேம்மா. பசங்களுக்குப் பாடம்."

"அதுக்கோசரம் இப்படியா சார்? சரி, மீதியையும் குடிச்சிடுங்க."

எங்களுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

பக்கத்துக் கட்டிலில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் செய்யும் பாய் ஒருவர், ஈரல் கெட்டுப் படுத்திருந்தார். இந்த நாடகத்தையெல்லாம் பார்த்துச் சிரிப்பார். அவரோடு அரட்டை அடிக்காவிட்டால் டாக்டருக்குப் பொழுதே போகாது. ஒரு வெள்ளிக்கிழமை டாக்டர் செத்து முடித்து எழுந்ததும் பாய் கேட்டார்.

"டாக்டர் சார், நான் பொழைப்பனா?"

டாக்டர் போர்வையை மடித்தார். பிரித்து மறுபடி மடித்தார். "எல்லாம் சரியாயிடும் பாய்" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று வராந்தாவுக்குப் போய்விட்டார்.

நாங்கள் பின்னாலேயே போனோம். அவர் முகம் செத்துப்போயிருந்தது.

"பாத்தீங்க இல்ல?"

"பாத்தோம் சார்."

"அப்ப திட்டுங்க."

அவருக்காக நாங்கள் கூனிக்குறுகி நின்றோம். எங்களையும் கூட்டிக்கொண்டு உள்ளே திரும்பி வந்தவர், பாய் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பாய், பொய் சொல்லிட்டேன். இந்தப் பசங்க முன்னாடியே சொல்றேன், வெக்கமா இருக்கு. நீங்க பொழைக்கிறது கஷ்டம்."

"நீங்க எழுந்து ஓடும்போதே தெரிஞ்சிடுச்சு சார்" என்றார் பாய். "கொஞ்ச நேரம் உக்காருங்க. போயிடாதீங்க."

மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து, பாய் கையைப் பிடித்தபடி டாக்டர் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அவர் எந்த வெள்ளிக்கிழமையும் சாகவில்லை.

என் முறை வரும்போது அவர்தான் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. மனுஷர் முந்திக்கொண்டார்.