படகுக்கு ஒரு சட்டை

"நாலாம் நம்பர் இடத்துல நிக்கிறதை மூடி வைக்கணுமாம், டாக்டர். பார்க்கச் சகிக்கலையாம். ஞாயித்துக்கிழமைக்குள்ள மூடலைன்னா வெளிய தள்ளிடுவாராம். செக்ரட்டரி சார் சொல்லச் சொன்னார்," என்றார் வாட்ச்மேன்.

பல் டாக்டருக்குக் கோபம் தலைக்கேறியது. அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்முற்றத்தில் அவருக்கென்று இருந்தது அந்த ஓர் இடம்தான். அதில், ஒரு கதவைக் கயிற்றால் கட்டிய தன் பழைய காரை ஓரமாக ஒடுக்கிவிட்டு, பக்கத்தில் சின்னப் பாய்மரப் படகு ஒன்றை மகாராணி மாதிரி வீற்றிருக்க வைத்திருந்தார். லீவு நாளில் ஏரிக்குப் போய் அதில் ஏறினால்தான் அவருக்கு உயிரே வரும்.

"சகிக்கலையா? என் படகா? அந்த ஆளுக்குக் கண்ணு பிடரியிலயா இருக்கு?"

"டாக்டர், அவர் சொன்னது..."

"நீங்க பேசாதீங்க!"

வாயைப் பிளந்துகொண்டு கிடப்பவர்களிடமே பேசிப் பேசி, பதிலுக்குக் காத்திருக்கும் வழக்கம் அவரை விட்டு எப்போதோ போயிருந்தது.

கித்தான் துணி வாங்கிவந்து மனைவியின் தையல் மெஷின் முன் உட்கார்ந்தார்.

"டெய்லர்கிட்ட கொடுக்கலாமேங்க," என்றாள் மனைவி.

"எத்தனை ஈறுக்குத் தையல் போட்ட கை இது! ஒரு படகுக்குப் போடாதா?"

போட்டது. ஆனால் படகின் மூக்கை மூடினால் வால் தெரிந்தது, வாலை மூடினால் மூக்கு தெரிந்தது.

"ஓரத்துல தையலுக்குன்னு துணி விடலையா?"

"ஈறுல யாராவது விடுவாங்களா?" என்று எரிந்து விழுந்தார்.

ஒட்டுப் போட மழைக்கோட்டை வெட்டினார். மடிப்பின் கனம் தாங்காமல் ஊசி முறிந்தது. வேறு ஊசி மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே மிதி. மெஷின் ஒருமுறை முனகிவிட்டு நின்றேபோனது.

"ஐயோ, என் மெஷின்!"

"போய் அந்தச் செக்ரட்டரியைக் கேளு!"

மிச்சத்தைக் கையாலேயே தைத்துப் போர்த்தப் போனபோதுதான், நடுவில் பாய்மரம் ஒன்று நிமிர்ந்து நிற்பது உறைத்தது.

"அதைக் கழட்டி வெச்சுட்டா ஆச்சு," என்றாள் மனைவி.

"அவனுக்குப் பயந்து நான் பாய்மரத்தை இறக்கணுமா? முடியாது!"

ஓட்டை போட்டார். அது ஒரு முழம் தள்ளி விழுந்தது. கத்தரியால் இழுத்துச் சரிசெய்யப் போக, துணி கடைசிவரை டர்ரென்று கிழிந்தது.

சனிக்கிழமை சாயங்காலம். துணிக்கடை பூட்டியாயிற்று. விடிந்தால் படகு தெருவில். டாக்டருக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் கார் டிக்கியில், மாமனார் வாங்கித் தந்து ஒருநாளும் விரிக்காத கார் கவர் கண்ணில் பட்டது. யோசிக்காமல் அதை இரண்டாக வெட்டிப் படகின் இரு பக்கமும் வைத்துத் தைத்தார். அளவெடுத்தது போல உட்கார்ந்தது.

ஞாயிறு காலை செக்ரட்டரி காப்பிக் கோப்பையோடு இறங்கி வந்தார். போர்த்தியிருந்த படகைப் பார்த்தார். காரைப் பார்த்தார். முகம் தொங்கிப்போய், காப்பியைக்கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டார்.

"வாயடைச்சுப் போச்சு, பார்த்தீங்களா?" டாக்டர் நெஞ்சை நிமிர்த்தினார்.

வாட்ச்மேன் தயங்கினார். "இப்பவாவது நான் பேசலாமா, டாக்டர்?"

"தாராளமா."

"தினமும் காப்பியோட அவர் இறங்கி வர்றதே உங்க படகைப் பார்க்கத்தான். மூடச் சொன்னது காரை."